புள்ளிகள் சரி, மையம் எங்கே?

இந்தப் பதிவை ஆரம்பித்தது கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான். மூளைப் பரப்புத் தரவை ஒரு கோப்பு வடிவத்தில் இருந்து இன்னொன்றுக்கு மாற்ற எட்டு வரியில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அதில் பைட் வரிசை பற்றி சுவாரஸ்யமான ஒரு விஷயம் இருந்தது, அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பதிவுக்கு ஒரு படம் வேண்டுமே என்று தேடப் போன இடத்தில்தான் என் எட்டு வரியும் தப்பு என்று தெரிந்தது. அதற்குள் அந்த ஸ்கிரிப்டை நம்பி ஒரு பெண் தன் ப்ராஜெக்ட் முடிவுகளை கைடிடம் காட்டிவிட்டாள்.

அவள் எங்கள் தெருதான். பயோமெடிக்கல் எம்.டெக். பொதுவில் இறக்கிக்கொள்ளக் கிடைக்கும் ஒரு தொகுப்பில் இருந்து 24 பேரின் தலை ஸ்கேன்களை எடுத்து, காதில் ஒலி விழும்போது மூளையின் எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்ப்பது ப்ராஜெக்ட். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து, "அங்கிள், இந்த ஃபைல் அந்த சாஃப்ட்வேர்ல ஓபன் ஆகவே மாட்டேங்குது" என்றாள். நான் பார்த்துவிட்டு, "ஃபைல் கன்வெர்ஷன்தானேம்மா, அரை மணி நேரம்" என்றேன். இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறவன் வாயில் இருந்து வரவே கூடாத வாக்கியம் அது.

எனக்கு மூளையோடு என்ன வேலை என்று கேட்கலாம். 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற கருமூளை வரைபடத்தை வெளியிட்டது. கருவில் இருக்கும் மூளையை மெல்லிய சீவல்களாக அறுத்து, 5132 சீவல்களைப் படமாக்கி, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்தார்கள். அதில் கூட்டாளிகளாக இருந்த மருத்துவ நிறுவனங்களில் ஒன்று தண்டலத்து சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நசரத்பேட்டையில் இருந்து பெங்களூர் ஹைவேயில் நேராகப் போனால் வருவது. நாம் தினமும் லாரிப் புகை குடிக்கிற ரோட்டில் இப்படி ஒரு வேலை நடக்கிறதா என்று அன்று ராத்திரி இரண்டு மணி வரை சீவல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பிடித்த பைத்தியம்.

14 வாரக் கருவின் மூளை ஏறக்குறைய வழுவழுப்பாக இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் வேகம் எடுக்கின்றன. வளர்ந்த மனிதனின் மூளைப் புறணி என்பது 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு தகடு. விரித்தால் ஏறத்தாழ 2000 சதுர சென்டிமீட்டர் வரும். அது மண்டைக்குள் அடங்க வேண்டும் என்பதால் மடிந்து மடிந்து கிடக்கிறது.

புடவைக் கொசுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு மடிப்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கும். ஆனால் துணியின் வழியாகப் போனால் இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் துணி இருக்கிறது. எம்ஆர்ஐ ஸ்கேன் இந்தத் தொடுவதை மட்டுமே பார்க்கிறது. மூளையைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கனசதுரம் எந்த மடிப்பைச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் பரப்பை, அதாவது துணியை, தனியாகப் பிரித்தெடுக்கிறார்கள். 1999-இல் ஆண்டர்ஸ் டேல், புரூஸ் ஃபிஷ்ல், மார்ட்டின் செரீனோ ஆகியோர் எழுதிய ஆய்வுகளில் இருந்து வளர்ந்த ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருள் இதற்கு இன்றும் முதல் தேர்வு. ஒருவரின் ஸ்கேனைக் கொடுத்தால் பல மணி நேரம் கணக்குப் போட்டு, இடது, வலது அரைக்கோளங்களின் பரப்பைக் கோப்பாகக் கொடுக்கும். (எங்கள் ஏரியா கரெண்டை நம்பி வீட்டில் இதை ஓட்டாதீர்கள். பின்னால் சொல்கிறேன்.)

அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது? வாசலில் போடும் புள்ளிக் கோலம்தான். முதலில் புள்ளிகள், பிறகு எந்தப் புள்ளியை எந்தப் புள்ளியோடு சேர்ப்பது என்ற பட்டியல். கோப்பின் முதல் மூன்று பைட்டுகள் 255, 255, 254. "நான் முக்கோணக் கோப்பு" என்பதற்கான அடையாளம். அடுத்து, யார் எப்போது உருவாக்கினார்கள் என்று ஒரு வரி. பிறகு புள்ளிகளின் எண்ணிக்கை, முக்கோணங்களின் எண்ணிக்கை. அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று தசம எண்கள், ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று முழு எண்கள்.

ஃப்ரீசர்ஃபரோடு வரும் 'எஃப்எஸ்ஆவரேஜ்' என்ற சராசரி மூளையை எடுத்துக்கொள்வோம். 40 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துச் செய்தது. ஒரு பக்கத்துக்கு 163842 புள்ளிகள், 327680 முக்கோணங்கள். முக்கோண எண்ணிக்கை புள்ளிகளின் இரண்டு மடங்கில் 4 குறைவாக இருப்பதைக் கவனியுங்கள். பந்து போல ஓட்டையில்லாமல் மூடிய எந்த முக்கோணப் பரப்புக்கும் இது பொருந்தும், ஆய்லரின் சூத்திரம். மாற்றி முடித்த கோப்பில் இந்தக் கணக்கு இடித்தால் வழியில் ஏதோ உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் பெருமையாக எழுத வந்த பைட் வரிசை விஷயம் இங்கேதான். 163842 என்ற எண் கோப்பில் 0, 2, 128, 2 என்று நான்கு பைட்டுகளாக இருக்கிறது. பெரிய இலக்கம் முன்னால். சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ் மாதிரி அந்தக் கால ஒர்க்ஸ்டேஷன்களின் வழக்கம் அது. உங்கள் மேஜையில் இருக்கும் கணினி சின்னதை முன்னால் வைக்கும். அது இதே நான்கு பைட்டைத் தன் பழக்கப்படி படித்தால் 41943552 என்று வரும். நான்கு கோடிக்கு மேல் புள்ளிகள்! நிரல் உடனே கத்திவிடும், அல்லது மெமரி தீர்ந்து செத்துப்போகும். நான் முதலில் கையால் படிக்கப் போய் இதில் மாட்டி, சிரித்து, சரிசெய்து, பிறகு எல்லோரையும் போல நிபேபல் என்ற பைத்தான் நூலகத்துக்கு மாறினேன். அது இதையெல்லாம் தானே பார்த்துக்கொள்கிறது.

அவளுக்குத் தேவைப்பட்ட வடிவம் கிஃப்டி. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் வான் எஸ்ஸன் குழுவிடம் இருந்து வந்த கனெக்டோம் ஒர்க்பெஞ்ச் மென்பொருள் அதைத்தான் கேட்கும். கிஃப்டி என்பது எக்ஸ்எம்எல். நோட்பேடில் திறந்து பார்க்கலாம். பைட் வரிசை எது என்று கோப்பிலேயே எழுதியிருக்கும், இடது மூளையா வலது மூளையா என்று எழுதியிருக்கும். எண்களை மட்டும் சுருக்கி, எழுத்தாக மாற்றி உள்ளே திணித்திருப்பார்கள். (சுருக்கும் முறைக்கு ஜிசிப் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே இருப்பது ஜிசிப் கோப்பு அல்ல, வெறும் சிலிப். இதை நம்பி ஒரு மாலை போச்சு.) கன அளவுத் தரவுக்கான அண்ணன் வடிவத்தின் பெயர் நிஃப்டி. பங்குச் சந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்கிரிப்ட் தயார். ஃப்ரீசர்ஃபர் கோப்பைப் படி, புள்ளிகளை எடு, முக்கோணங்களை எடு, கிஃப்டியாக எழுது. எஃப்எஸ்ஆவரேஜில் சோதித்தேன். புள்ளி எண்ணிக்கை சரி, ஆய்லர் சரி, ஒர்க்பெஞ்சில் அழகான மூளை சுழன்றது. அவளிடம் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துபோனேன்.

அவள் அந்தப் பரப்புகளின் மேல் செயல்பாட்டு ஸ்கேனைப் படியவைத்தாள். அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், அந்த இடத்தில் ஸ்கேனில் இருக்கும் எண் என்ன என்று எடுப்பது. முடிவு ரொம்பப் பிரமாதமாக வந்தது. ஒலியைக் கேட்கும் பகுதி எதிர்பார்த்தபடி ஒளிர்ந்தது, கொஞ்சம் மங்கலாகத்தான். ஆனால் அதற்கு மேலே, தொடு உணர்வோடு தொடர்புள்ள இடத்தில், இன்னொரு திட்டு பளிச்சென்று இருந்தது. கைடுக்கும் சந்தோஷம். ஒலி கேட்கும்போது தொடு உணர்வுப் பகுதியும் விழிக்கிறதா? இதையே முக்கிய முடிவாக எழுதலாம் என்று பேச்சு.

இரண்டு வாரம் கழித்து நான் பதிவுக்குப் படம் எடுக்க உட்கார்ந்தேன். பரப்பைத் தனியாகக் காட்டினால் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறதே, அதே ஆளின் ஸ்கேன் மேல் கோடாகப் போட்டுக் காட்டலாம் என்று ஏழாவது ஆளைத் திறந்தேன். கோடு மூளையின் ஓரத்தில் ஓட வேண்டும். ஓடவில்லை. மூக்கில் இருந்து வழுக்கிய கண்ணாடி மாதிரி மொத்தமாகக் கீழே இறங்கி இருந்தது. உச்சியில் இடைவெளி, அடியில் மூளையை விட்டே வெளியே. வளைவுகள் எல்லாம் அச்சு அசல் அந்த ஆளுடையவைதான். இடம் மட்டும் தப்பு.

காரணம் இதுதான். ஸ்கேன் கோப்பில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று எண்கள் உண்டு: வலப்பக்கமாக எத்தனை மில்லிமீட்டர், முன்னால் எத்தனை, மேலே எத்தனை. எங்கிருந்து அளப்பது? ஸ்கேன் கோப்புக்குப் பூஜ்யம் என்பது எந்திரத்தின் நடுமையம். ஃப்ரீசர்ஃபர் பரப்புக் கோப்புக்குப் பூஜ்யம் என்பது அது மறுஅடுக்கு செய்துகொண்ட, பக்கத்துக்கு 256 கட்டங்கள் உள்ள பெட்டியின் நடுமையம். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆள் எவ்வளவு உள்ளே தள்ளிப் படுத்திருந்தார், தலையணை எவ்வளவு உயரம், டெக்னீஷியன் படத்தின் சட்டத்தை எங்கே வைத்தார் என்பதைப் பொறுத்து வித்தியாசம் மாறும். அந்த வித்தியாசத்துக்கு 'சி-ராஸ்' என்று பெயர். மூன்றே மூன்று எண்கள்.

ஃப்ரீசர்ஃபர் இதை மறைக்கவில்லை. கோப்பின் வாலில், முக்கோணங்கள் எல்லாம் முடிந்த பிறகு, எழுதி வைத்திருக்கிறது. நிபேபலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும். கேட்க வேண்டும். சாதாரணமாகக் கூப்பிட்டால் புள்ளிகளும் முக்கோணங்களும் மட்டும் வரும். 'மெட்டாடேட்டாவும் வேண்டும்' என்று தனியாகச் சொன்னால்தான் வால் வரும். நான் சொல்லவில்லை.

சோதித்தபோது ஏன் தெரியவில்லை? எஃப்எஸ்ஆவரேஜுக்கு இந்த வித்தியாசம் பூஜ்யம். சராசரி மூளை எந்த எந்திரத்திலும் படுத்ததில்லை. தப்பு செய்தாலும் சரியாகவே தெரியும் ஒரே தலையைத் தேடிப்பிடித்து அதில் சோதித்திருக்கிறேன்.

இப்போது கொசுவத்துக்குத் திரும்புங்கள். ஒலியைக் கேட்கும் பகுதி, மூளையின் பக்கவாட்டில் ஓடும் சில்வியப் பிளவு என்ற ஆழமான மடிப்பின் கீழ் உதட்டில் உள்ளே ஒளிந்திருக்கிறது. அதற்கு நேர் எதிரே, மேல் உதட்டில், தொடு உணர்வு சார்ந்த பகுதி. துணி வழியாகத் தூரம், இடைவெளி வழியாகச் சில மில்லிமீட்டர். அவளுடைய 24 பேரில் முன்-பின் வித்தியாசம் ஆளுக்கு ஆள் மாறியது. ஆனால் மேல்-கீழ் வித்தியாசம் பெரும்பாலானவர்களுக்கு 5 முதல் 9 மில்லிமீட்டர், எல்லாம் ஒரே பக்கமாக. ஆகவே மேல் உதட்டுப் புள்ளிகள் எல்லாம் கீழே இறங்கி, கீழ் உதட்டின் எண்ணை எடுத்து வந்திருக்கின்றன. பிரமாதமான கண்டுபிடிப்பு என்பது என் விட்டுப்போன மூன்று எண்கள்.

எங்கேயும் பிழைச் செய்தி வரவில்லை. வரவும் வராது. கோப்பு சரியான கிஃப்டிதான், புள்ளிவிவரச் சோதனை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. பைட் வரிசை மாறினால் நான்கு கோடி என்று ஊரைக் கூட்டும். மையம் மாறினால் அழகான படம் வரும்.

இந்தத் துறைக்கு இந்த வியாதி பழசு. முன்பு அனலைஸ் என்ற வடிவம் புழங்கியது. அதில் படத்தின் இந்தப் பக்கம் நோயாளியின் இடதா வலதா என்று உறுதியாக எழுதிவைக்க வழி இல்லை. ஒரு கூடத்தின் வழக்கம் இன்னொன்றுக்கு நேர் எதிர். சிலர் ஸ்கேன் எடுக்கும்போதே தலையின் ஒரு பக்கத்தில் வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுவார்கள், அது படத்தில் வெள்ளையாகத் தெரியும், அதுதான் வலது என்று. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது நிஃப்டி பிறந்ததன் நோக்கங்களில் ஒன்று. சி-ராஸ் விஷயத்திலும் நான் மட்டும் மாட்டவில்லை என்பதில் ஒரு அற்ப ஆறுதல்: எஃப்எம்ஆர்ஐ-பிரெப் என்ற புகழ்பெற்ற நிரல்தொகுப்பில் பரப்பின் மையத்தைத் திருத்துவதற்கென்றே ஒரு தனிப் படி எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்ல எனக்கு ஒரு நாள் ஆனது. "அம்மா, அந்தத் திட்டு இருக்கே, அது என் தப்பா இருக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கைடு அதைத்தான் அங்கிள் அப்ஸ்ட்ராக்ட்ல எழுதச் சொல்லியிருக்காரு" என்றாள்.

திருத்தம் சுலபம். ஒவ்வொரு புள்ளியோடும் அந்த ஆளின் சி-ராஸைக் கூட்ட வேண்டும். ஃப்ரீசர்ஃபரின் வழக்கமான பெட்டியில் அச்சுகளின் திசை மாறாது என்பதால் கூட்டல் மட்டும் போதும், சுழற்ற வேண்டாம். ஃப்ரீசர்ஃபரின் சொந்த மாற்றுக் கருவியான எம்ஆர்ஐஎஸ்-கன்வெர்ட்டிலேயே 'டு ஸ்கேனர்' என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அதைப் போட்டால் அதுவே கூட்டிவிடும். நான் ரோஷத்தில் என் ஸ்கிரிப்டையே திருத்தினேன். ஏற்கெனவே செய்த கிஃப்டி கோப்புகளைத் திறந்து, கூட்டி, அதே பெயரில் அதே இடத்தில் சேமிப்பது மாதிரி.

சனிக்கிழமை மாலை அவள் வீட்டில் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது கரெண்ட் போனது. லேப்டாப் பேட்டரி ஏற்கெனவே செத்தது. வந்ததும் மறுபடி முதலில் இருந்து ஓட்டினாள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஞாயிறு 24 பேரையும் ஒவ்வொருவராகத் திறந்து, கோட்டைப் பார்த்தோம். ஓரத்தில் சரியாக ஓடுகிறதா, உச்சி, அடி, பின்பக்கம். முதல் ஒன்பது பேருக்கும் கோடு மறுபடி விலகி இருந்தது, இந்த முறை மேல் பக்கமாக. பத்தாவது ஆளில் இருந்து கச்சிதம். அவள்தான் முதலில் பிடித்தாள்: "அங்கிள், ஒன்பதுக்கும் ரெண்டு தடவை கூட்டிடுச்சு." கரெண்ட் போவதற்கு முன் ஒன்பது முடிந்திருக்கிறது. ஒருமுறையும் கூட்டாத கோப்பு, ஒருமுறை கூட்டிய கோப்பு, இருமுறை கூட்டிய கோப்பு, மூன்றும் பார்வைக்கு ஒன்றே. கிஃப்டியின் மெட்டாடேட்டாவில் சி-ராஸைத் தனியாகக் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அதைப் பார்க்கிற மென்பொருள் 'இன்னும் கூட்டவில்லை போல' என்று தானே ஒருமுறை கூட்டிவிடும் ஆபத்தும் உண்டு. எனவே கூட்டிவிட்டால் அங்கே பூஜ்யம் எழுதிவிட வேண்டும்.

இப்போது ஸ்கிரிப்ட் எப்போதும் மூல ஃப்ரீசர்ஃபர் கோப்பில் இருந்துதான் படிக்கிறது, புதுக் கோப்புறையில்தான் எழுதுகிறது. மெட்டாடேட்டாவில் பூஜ்யம் வைக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் கோடு போட்ட மூன்று படங்களையும் சேமிக்கிறது. எட்டு வரி அறுபதைத் தாண்டிவிட்டது.

இதே வகையில் இன்னொரு குழி, போகிற போக்கில். பரப்பையும் மூளையின் உள்பகுதிகளையும் ஒரே கோப்பில் சேர்க்கும் சிஃப்டி என்ற வடிவம் இருக்கிறது. அதன் பிரபலமான அளவில் ஒரு பக்கப் பரப்புக்கு 32492 புள்ளிகள். ஆனால் கோப்பில் இடதுக்கு 29696 எண்கள், வலதுக்கு 29716 எண்கள்தான் இருக்கும். இரண்டு அரைக்கோளங்களும் ஒட்டும் நடுச்சுவரில் புறணி கிடையாது என்பதால் அந்தப் புள்ளிகளைத் தள்ளிவிடுகிறார்கள். எந்த எண் எந்தப் புள்ளிக்கு என்ற பட்டியல் தனியாக உள்ளே இருக்கும். அதைப் பார்க்காமல் முதல் எண் முதல் புள்ளிக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு என்று வரிசையாக ஊற்றினால், அதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

அவள் விஷயம்: சரியான பரப்புகளோடு மறுபடி ஓட்டியபோது மேல் உதட்டுத் திட்டு பெரும்பாலானவர்களிடம் காணாமல் போனது, ஒலிப் பகுதி முன்பைவிட நன்றாகவே ஒளிர்ந்தது. ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த முடிவு. கைடு முதலில் முகம் சுளித்தாராம், பிறகு முன்னும் பின்னும் எடுத்த கோட்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அத்தியாயமாகவே எழுதச் சொல்லிவிட்டார். அந்த அத்தியாயத்துக்கு ஏழாவது ஆளின் படத்தைத்தான் எடுத்திருக்கிறாள்.